மூன்றால் வகுபட்ட நாள்

என் பஞ்சர் கடைக்கு அடுத்த கதவு போட்டோக்கார அண்ணனுடையது. பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவர்களிடம் "லேசா சிரிங்க, ஆனா சிரிக்காதீங்க" என்பார். ஊர் முகமெல்லாம் அவரிடம் இருக்கிறது. பெற்ற மகளின் முகம் மட்டும் இப்போது ஒன்றே ஒன்று, பள்ளிக்கூட அடையாள அட்டைக்காக எடுத்தது. அதில் அவள் சிரிக்கவில்லை.

மகள் காய்ச்சலில் போய் இரண்டு வருடம். அவள் ஆடியது, பாடியது, அப்பன் கேமராவைப் பிடுங்கியது எல்லாம் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் இருந்தன. கல்யாண ஆர்டர் என்று வந்த மெயிலை அண்ணன் திறந்தார். அதற்குள் இருந்த ஏதோ ஒரு சனியன் எல்லாப் படத்தையும் பூட்டிவிட்டது. காப்பி வைத்திருந்த டிஸ்க்கும் அன்று பார்த்து அதிலேயே செருகியிருந்தது. திறந்துவிடக் கேட்ட பணத்தைக் கொடுத்துத் தொலைக்கலாம் என்றால், பூட்டியவன் கொடுத்த முகவரிக்குப் போன மெயிலெல்லாம் திரும்பி வந்தது.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற தம்பிதான் விஷயத்தைச் சொன்னான். பூட்டு என்பது ஒரு எண். அறுநூற்றுச் சொச்சம் இலக்கம். அதை ஒளித்தும் வைக்கவில்லை. தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதாலும் வகுபடாத இரண்டு பெரிய எண்களைப் பெருக்கி அதைச் செய்திருக்கிறார்கள். அந்த இரண்டும் தெரிந்தால் பூட்டு திறந்துவிடும். பெருக்குவதற்குக் கண் சிமிட்டும் நேரம் போதும். திரும்பப் பிரிப்பதற்கு உலகத்துக் கம்ப்யூட்டரையெல்லாம் சேர்த்தாலும் நம் ஆயுசு பத்தாது.

எனக்கு அது புரிந்தது. சில டியூப் அப்படித்தான். காற்று இறங்குகிறது, ஆக ஓட்டை உண்டு. தண்ணீரில் முக்கினால் ஒரு குமிழி வராது.

அண்ணனுக்குப் புரிந்துகொள்ள மனசில்லை. அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டோ பேப்பரில் அடித்து, பட்டை பட்டையாக வெட்டி, ஸ்டுடியோ சுவரைச் சுற்றி ஒட்டினார். எந்த நாட்டு போன் நம்பர் என்று நான் கிண்டல் பண்ணினேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. ஆள் வராத நேரமெல்லாம் சுவரைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் கடைக்குள் ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"உடைஞ்சிருச்சுடா. மூணால போகுது."

இலக்கத்தையெல்லாம் கூட்டி, வந்தது மூன்றால் வகுபட்டால் முழு எண்ணும் வகுபடும். அரைகுறையாகப் படித்த எனக்கே தெரிந்த வித்தை. மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்தாராம். போய்ப் பார்த்தால் அண்ணி கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மகள் போனபிறகு அந்த அறைக்குள் கால் வைக்காதவர்.

"மூஞ்சி ஞாபகம் இருக்கு தம்பி," என்றார் என்னிடம். "குரல்தான் மறந்துக்கிட்டே வருது. ஒரு தடவை கேட்டுட்டா போதும்."

ரிப்பேர் தம்பியைக் கூப்பிட்டோம். வரும்போதே தலையை ஆட்டிக்கொண்டு வந்தான். பூட்டுப் போட்டவன் அவ்வளவு மடையன் இல்லை, மூன்றால் எல்லாம் போகவே போகாது என்றான். எண்ணை அவன் மெஷினில் போட்டு மூன்றால் வகுத்தான். மீதி ஒன்று வந்தது.

அண்ணன் சுவரைக் காட்டிச் சண்டைக்கு நின்றார். நான் பட்டையின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனேன். டியூபில் பழைய ஒட்டுப் போட்ட இடம் விரலுக்குத் தட்டுப்படும். கதவுக்குப் பின்னால் ஒரு இணைப்பில் அப்படித் தட்டுப்பட்டது. ஒரு பட்டையின் நுனி அடுத்ததன்மேல் ஏறியிருந்தது. நகத்தால் கிளப்பினேன். அடியில் ஒரு நான்கு இருந்தது, அண்ணன் கூட்டாமல் விட்ட நான்கு.

கிளப்பாமல் விட்டிருக்கலாம்தான். விட்டிருந்தாலும் பூட்டு திறந்திருக்காது.

அண்ணி எழுந்தார். நாற்காலியை முன்பு இருந்த இடத்திலேயே திரும்பப் போட்டுவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அண்ணன் அந்த நான்கு தெரியும்படி பட்டையை விலக்கி ஒட்டினார். பசை காயும்வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே நின்றார்.

"சின்ன நம்பர் எதுவும் போகாது. சரி. ஆனா அந்த ரெண்டு நம்பர் இருக்குதுல்ல?"

"இருக்குண்ணே," என்றான் ரிப்பேர் தம்பி. "கண்டிப்பா இருக்கு."

பாவி, இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த மனுஷர் கொஞ்சமாவது தூங்கியிருப்பார்.