எக்சில்டா ஏற்றிய அடுப்புகள்

மாசசூசெட்ஸில் ஹார்லோ என்ற ஆற்றங்கரை நகரம். அங்கே விளக்கெல்லாம் மேட்டுத்தெருக்களுக்குத்தான். எரிவாயுவும் மின்சாரமும் விற்ற கம்பெனிக்காரர்கள் குழாயையும் கம்பியையும் அதற்குக் கீழே இறக்கவில்லை. கீழ்த்தெருவில், காகித ஆலைக் குடியிருப்பில், பொழுது சாய்ந்தால் மண்ணெண்ணெய்ப் புகைதான். அங்கே குடியிருந்த எக்சில்டா சன்னல் கண்ணாடியில் நெற்றியைப் பதித்து மேட்டையே பார்த்திருப்பாள். நட்சத்திரங்கள் இறங்கிவந்து பணக்காரர் வீடுகளில் குடியிருப்பதாக அவளுக்குத் தோன்றும்.

அவள் அப்பா ஓவிலா அந்தக் கம்பெனியின் எரிவாயு ஆலையில் உலைக்கு நிலக்கரி அள்ளிப் போடுபவர். ஒருநாள் உலைக்கதவைப் பிய்த்துக்கொண்டு சீறிய தீ அவர் இடது கண்ணைப் பறித்துவிட்டது. அன்றிலிருந்து எரிவாயு என்றாலே எக்சில்டாவுக்குப் பயம்.

பிறகு நகரமே ஓட்டுப் போட்டு அந்தக் கம்பெனியை வாங்கியது. அடுத்த கோடையில் குழாய்கள் கீழ்த்தெருவுக்கு வந்தன. ஆனால் அடுப்பு வாங்கத்தான் ஆளில்லை. நகர நிர்வாகம் கடைத்தெருவில் ஒரு காட்சிக்கூடம் திறந்து, அடுப்பை ஏற்றிக் காட்ட, கீழ்த்தெருக்காரர்களின் மொழியான பிரெஞ்சு பேசத் தெரிந்த பெண் ஒருத்தியைத் தேடியது. காகித ஆலையில் கூழுக்குக் கந்தல் துணி பிரித்து, தூசியில் இருமிக்கொண்டிருந்த எக்சில்டா பயந்துகொண்டேதான் போனாள்.

எட்ட நின்றே முதல் தீக்குச்சியை அடுப்பில் நீட்டினாள். மெல்லிய ஒரு பெருமூச்சு; வட்டமாய் நீலம் பூத்தது. ஆற்றின் அடிவரை வெயில் இறங்கினால் இருக்குமே, அப்படியொரு நீலம். பாத்திரம் வைக்க மறந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

வீடுவீடாகப் போய்ச் சொல்லிப்பார்த்தாள். பக்கத்து வீட்டு மதாம் பிளாண்ட் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"பிசாசு மூச்சுடி அது. என் வீட்டுக்குள்ள விடமாட்டேன்."

"சாம்பல் அள்ள வைக்காத பிசாசு, மதாம்."

"உங்கப்பன் கண்ணையே தின்னுச்சே! அதுக்குப் போய் ஊழியம் பாக்கறியா?"

எக்சில்டா திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டாள்.

"நான் அங்க வேலைக்குப் போறது உங்களுக்கு வருத்தமாப்பா?"

ஓவிலா புகைக்குழாயில் புகையிலை திணித்தார். "என் கண்ணைத் தின்னது கேஸ் இல்லம்மா. கம்பெனிக்காரன் மாத்தாம விட்ட கதவு. இப்ப நகரத்துக்காரங்க புதுக் கதவு போட்டிருக்காங்க. நானே போய்த் தட்டிப் பாத்துட்டு வந்தேன்."

அந்தக் குளிர்காலம் ஆறு உறைந்து, கால்வாயில் பனிக்கட்டி அடைத்து, ஆற்றுநீரில் ஓடும் மின் எந்திரங்கள் நின்றன. விளக்குகள் அவிந்தன. 'நகரத்துக்கு இதெல்லாம் நடத்தத் தெரியாது, திருப்பி விற்றுவிடலாம்' என்று நகரசபை உறுப்பினர்கள் முணுமுணுத்தார்கள். பனியில் கரிவண்டிகள் முடங்க, கீழ்த்தெருவின் கரியடுப்புகளும் ஆறிப்போயின. எரிவாயு ஆலையில் முன்பே கரி குவித்து வைத்திருந்ததால் எரிவாயு மட்டும் நிற்கவில்லை.

எக்சில்டா யாரையும் கேட்கவில்லை. காட்சிக்கூடத்துக் கதவை அகலத் திறந்து, விற்க வைத்திருந்த அடுப்புகள் அத்தனையையும் ஏற்றினாள். முதலில் ஒருத்தி பிசைந்த மாவோடு வந்தாள். பிறகு தெருவே வந்தது. வெளியே பூப்பூவாய்ப் பனி. உள்ளே நீலச் சுடர்கள், ரொட்டி வாசம், ஆவி படிந்த கண்ணாடி. குழந்தைகள் மேசைகளுக்கடியில் தூங்கிப்போனார்கள். எக்சில்டா கனவுக்குள் நடப்பவள்போல் அடுப்புக்கு அடுப்பு போய்வந்தாள்.

உறுப்பினர் ஒருவர் பனியை உதறிக்கொண்டு நுழைந்தார். "யாரு அனுமதி குடுத்தது?"

அவித்த பயற்றுச் சட்டியோடு நின்ற மதாம் பிளாண்ட் திரும்பினாள். "அனுமதியா? இதை வாங்கினது ஊருதானே, நாங்க ஊரு இல்லையா? உக்காருங்க. சூடா இருக்கு, பேசாம சாப்பிடுங்க."

அவர் உட்கார்ந்தார். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். அதன்பின் விற்கிற பேச்சு எழவில்லை.

வசந்தத்தில் கீழ்த்தெருவில் அடுப்புகள் வந்திறங்கின. எக்சில்டா தலை நரைக்கும்வரை அந்தக் கூடத்திலேயே இருந்தாள். மதாம் பிளாண்டும் ஓர் அடுப்பு வாங்கினாள். ஆனால் தீக்குச்சியைத் தொடமாட்டாள். ஞாயிறுதோறும் சுவரைத் தட்டுவாள். எக்சில்டா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பற்றவைத்துவிட்டு வருவாள்.