கூடாரமும் பாப்பாத்தியக்கா கிணறும்

கரண்ட் இல்லாத இடத்தில் கூடாரம் அடித்து ஆட்களைத் தங்கவைக்கும் தொழிலில், கூடாரத்தைத் தவிர மற்றதெல்லாம் தலைவலிதான். மெஸ், லாட்ஜ், கல்யாண மண்டபம் என்று எதை நடத்தி நொந்தவர்களாக இருந்தாலும் நீங்கள் என் ஆட்கள், உங்களிடம் சொன்னால் புரியும். காந்திபுரத்தில் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். சத்தம் போதுமென்று கடையை விட்டுவிட்டு, துடியலூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் சும்மா கிடந்த எங்கள் மானாவாரிக் காட்டுக்கு வந்தேன். சமையல் என் மனைவி மகேஸ்வரி. மற்ற வேலையெல்லாம் நான்.

போர்வெல்லில் வந்தது புழுதி

விளக்குக்கு சோலார் வைத்தாயிற்று, அடுப்புக்கு விறகு இருந்தது. தண்ணீர்தான் இல்லை. போர்வெல் போட்டதில் வெள்ளைப் புழுதி மட்டும் கிளம்பி என் தலையில் இறங்கியது. அதை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் பாப்பாத்தியக்கா. புருஷன் போன பிறகு தனியாகத் தோட்டம் பார்ப்பவர். கரண்ட் இணைப்புள்ள ஒரு கிணறு, அதை நம்பி ஒரு தென்னந்தோப்பு, இரண்டு கறவை மாடுகள். அவர் பிழைப்பு அவ்வளவுதான். அந்தக் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுத்தவனே நான்தான்.

எங்கள் பக்கம் தண்ணீருக்கு யாரும் காசு வாங்க மாட்டார்கள். கேட்டவருக்கு இல்லையென்றும் சொல்ல மாட்டார்கள். அது தெரிந்ததால் எனக்குக் கேட்கவே கூச்சமாக இருந்தது. வெயிலைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் பேசி இழுத்துக்கொண்டு நின்றேன். அக்காதான் முடித்துவைத்தார்.

“ஏனுங் தம்பி, தண்ணிக்குப் போயி இத்தனை யோசனைங்களா? கெணத்துலிருந்து உங்க டேங்குக்குக் குழாயப் போட்டுக்குங்க.”

இயற்கை அதிகம்

முதல் மாதம் ஒரு ஐடி கம்பெனி தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் பெட்டியிலிருந்து முடி உலர்த்தும் மெஷினை எடுத்து, கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி ப்ளக் பாயிண்ட் தேடினார். சோலாரில் பல்பு எரியும், போன் சார்ஜ் ஆகும், அதற்கு மேல் தாங்காது என்று பக்குவமாகச் சொன்னேன். விளம்பரத்திலேயே போட்டிருந்தேனே என்றும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். கணவர் என்னைத் தனியே கூப்பிட்டு வருத்தத்தோடு சொன்னார்:

“இயற்கையா இருக்கும்னு போட்டிருந்தீங்க சார். இவ்வளவு இயற்கையா இருக்கும்னு போடலையே.”

குழாய் பிடித்தவன்

ஆளுக்கு இரண்டு வாளி தண்ணீர் என்று போர்டு எழுதி வைத்திருந்தேன். அதைப் படித்தவர்கள் உண்டு, கேட்டவர்கள் இல்லை. ஒரு சனிக்கிழமை வந்த பெரிய குடும்பம் ஓஸ் பைப்பைப் பிடுங்கி, மரக்கிளையில் கட்டி, கீழே நின்று ஆட்டம் போட ஆரம்பித்தது. ஈரமண்ணில் அக்காவின் கிணறு ஓடிக்கொண்டிருந்தது.

“போயி நிறுத்தச் சொல்லுங்க” என்றாள் மகேஸ்வரி.

“நீ சொன்னாக் கேப்பாங்க, நீ போ” என்றேன்.

வந்தவர்களிடம் போதும் என்று சொல்லுவது என் வீட்டிலும் மகேஸ்வரியின் பிறந்த வீட்டிலும் பழக்கமில்லாத விஷயம். கடைசியில் நான்தான் போனேன். போனவன் எப்படியோ ஓஸைக் கையில் வாங்கிக் குழந்தைகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். அதிலும் அவர்களுக்குக் குறை.

“அங்கிள், இன்னும் கொஞ்சம் ஃபோர்ஸா வராதா?”

கரண்ட் மேல் பழி

சித்திரை வெயிலில் ஒரு காலை, அக்கா வீட்டு மோட்டார் இருமுவது எங்கள் கூடாரம் வரை கேட்டது. கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கி, மோட்டார் காற்றை இழுக்கும் சத்தம் அது. ஆயிரம் மோட்டார் பார்த்த காதுக்கு அதைச் சொல்லித் தர வேண்டுமா? குழாயைக் கழற்றிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். எனக்கு முன்னால் அக்கா சொம்பு மோரோடு வந்துவிட்டார்.

“டேங்கு ரொம்பலீங்களா தம்பி? ஓல்டேஜு சரியில்லீங்க, அதான் மோட்டாரு முக்குது.”

வோல்டேஜ் நன்றாகத்தான் இருந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். உண்மையைச் சொன்னால், கொடுத்த தண்ணீரை அவர் கணக்குப் பார்த்ததுபோல் ஆகிவிடும். லாரித் தண்ணீர் வாங்கியிருக்கலாம். ஆனால் திடீரென்று வேண்டாமென்றால் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்துக்கொள்வாரே என்று அதையும் செய்யவில்லை. மோரைக் குடித்துவிட்டு நானும் பதில் மரியாதை செய்தேன்.

“ஆமாங்க்கா, கரண்டுதாங்க.”

டெம்போவில் ஏறிய மாடுகள்

கோடை விடுமுறையில் ஒரு கூடாரமும் காலியில்லை. வந்தவர்கள் குளித்தார்கள், துவைத்தார்கள், ஒருவர் காரையும் கழுவினார். அந்த வாரம் அக்கா வீட்டு வாசலில் டெம்போ வந்து நின்றது. மாடுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய்க் கேட்டேன். முழங்கால் வலி, மாட்டுக்குப் பின்னால் அலைய முடியவில்லை என்றார். தீவனத்துக்குப் போட்டிருந்த சோளம் வயலில் நின்றபடியே காய்ந்திருந்ததை நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

அதற்குள் எங்கள் விருந்தாளி ஒருவர் கையில் பெண் குழந்தையோடு வேலிக்கருகே வந்து நின்றார்.

“சார், இந்த மாடு நாளைக்கு வருமா? பால் கறக்கறதப் பாக்கணும்னு பாப்பா சொல்றா.”

சுருட்டிய குழாய்

மறுநாளே வந்தவர்களைச் சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டுக் கூடாரங்களைப் பிரித்தோம். குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு தோப்பு வழியே போனேன். காலில் மிதிபட்டதெல்லாம் பிஞ்சிலேயே உதிர்ந்த குரும்பை. மட்டைகள் பழுத்துத் தொங்கின. கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு குட்டை, அதில் ஒரு தவளை.

“தப்பு பண்ணிப்போட்டேன்க்கா, உங்க தோப்பையே குடிச்சுப்போட்டோம்” என்று சொல்ல வேண்டுமென்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாசலில் அக்காவைப் பார்த்ததும் வெயிலைப் பற்றித்தான் பேச வந்தது. உட்காரச் சொன்னார். மாடு இல்லாத வீட்டில், மோருக்குப் பதிலாக பாக்கெட் பாலில் காப்பி வந்தது. என் தோளில் இருந்த குழாயைப் பார்த்தார். அப்புறம் நிஜமான கவலையோடு கேட்டார்:

“ஏனுங் தம்பி, வந்தவிங்களுக்குத் தண்ணி பத்துச்சுங்களா?”

கூடாரம், சோலார், விறகு எல்லாம் விலைக்குக் கிடைத்தது. ‘போதுமுங்க’ என்று முகத்துக்கு நேராகச் சொல்ல ஓர் ஆள்தான் எங்கள் வேலிக்கு இரண்டு பக்கமும் கிடைக்கவில்லை.