பண்டல் பேப்பர் ரோஸும் என் லிப்ஸ்டிக் டப்பாவும்

எனக்கு எழுபத்தோரு வயது. ஆறு பேரை வளர்த்தேன். நான் பெற்றது நாலு, என் தங்கச்சி விட்டுப்போனது ரெண்டு. ஆறு பேரையும் ஆளாக்கியது கோவில்பட்டிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் நான் பார்த்த வேலை. அத்தனை வருஷத்திலும் முகத்துக்கு ஒன்றும் பூசாமல் ஒருநாள்கூட நான் வேலைக்குப் போனதில்லை. காய்ச்சலோடு போன அன்றைக்கும் கண்ணில் மை இருந்தது.

ஆபீஸ் என்றால் மேஜை நாற்காலி என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்கிற ஷெட்டுக்குப் பெயரே ஆபீஸ்தான். குச்சிக்கு மருந்து முக்குவது ஒரு பக்கம், பெட்டி அடைப்பது ஒரு பக்கம், பண்டல் போடுவது ஒரு பக்கம். நான் பண்டல் செக்‌ஷன். பெட்டிகளை அடுக்கிக் கலர் பேப்பரில் சுற்றிப் பசை தடவி ஒட்ட வேண்டும். ஒரு சரக்குக்கு ரோஸ் பேப்பர், இன்னொன்றுக்கு நீலம். வேர்த்த கையால் தொட்டால் பேப்பரின் சாயம் கையில் ஏறிவிடும். மத்தியானம் பிசைகிற சோறுகூட ரோஸாகத்தான் இருக்கும்.

முதல் லிப்ஸ்டிக்

ரெண்டாவது மகளைக் கட்டிக் கொடுத்த கையோடு டவுனில் ஒரு பாய் கடைக்குப் போனேன். ஃபேன்சி ஸ்டோர். கண்ணாடிக்கு அடியில் லிப்ஸ்டிக் வரிசையாகப் படுத்திருந்தது.

"மகளுக்கா, அக்கா?" என்று கேட்டார் பாய்.

"எனக்கு."

அவர் சிரிக்கவில்லை. அந்த ஒரு காரியத்துக்காகவே இன்றுவரை அவர் கடையை விட்டு நான் வேறு கடைக்குப் போனதில்லை. "அப்ப இந்த டிரேயப் பாருங்க. அது கொமரிப் பிள்ளைகளுக்கு உள்ளது. பத்து நாள்ல தொலைச்சிட்டு வந்து நிக்கும்" என்றார்.

முதலில் வெளிர் ரோஸ் ஒன்றைக் காட்டினார். பூசிக் கண்ணாடியில் பார்த்தேன். "பாய், சுவரொட்டி ஒட்டுன மாதிரி வாய் மட்டும் தனியா நிக்குது" என்றேன். அடுத்தது செங்கல் நிறம். அது என் முகத்தோடு வந்து உட்கார்ந்தது. நம் கரிசல்காட்டு நிறத்துக்குச் செங்கல், மெரூன், காப்பிக்கொட்டை நிறம் மூன்றும் சொன்னபடி கேட்கும். வெளிர் நிறம் வம்பு பண்ணும். புதிதாகப் பூச வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

வீட்டில் அவிய, அதான் என் வீட்டுக்காரர், பார்த்தாவ. ரொம்ப நேரம் பார்த்தாவ. பிறகு, "சோறு ஆயிட்டா?" என்றாவ. நல்லா இல்லை என்று சொல்லவில்லை அல்லவா, அது போதும் எனக்கு.

அதற்குப் பிறகு ஊருக்குப் போய் வருகிறவர்கள் எல்லாம் எனக்கு ஏதாவது வாங்கி வந்தார்கள். கழுகுமலைத் திருவிழாக் கடையில் நானே தேடிப்பிடித்து வாங்கியதும் உண்டு. எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். திறந்தால் ஒரு வாசம் வரும். நகைப்பெட்டியைத் திறந்தால் அப்படி ஒரு வாசம் வராது.

வேனுக்குள் வேலை

கம்பெனி வேன் விடியுமுன் வந்துவிடும். வீட்டில் ஆறு பேருக்குப் பொங்கிவைத்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நிற்க யாருக்கு நேரம் இருக்கிறது? நான் வேனுக்குள்தான் பூசுவேன். பள்ளிக்கூடத்து வேகத்தடை வருவதற்குள் கண்ணை முடித்துவிட வேண்டும், தாண்டிய பிறகு உதடு. இதை மாற்றிச் செய்த அன்று மை காதுவரை போனது.

போகப் போக வேனில் வருகிற பெண்களுக்கும் நான்தான் பூசிவிட்டேன். ஒருத்தி உதட்டில் பட்டதை இன்னொருத்திக்கு வைக்கக் கூடாது. மருந்து முக்காத வெறுங்குச்சி ஆபீஸில் குப்பையாகக் கிடக்கும். குச்சியின் முனையால் லிப்ஸ்டிக்கைக் கிள்ளி எடுத்து ஆளுக்கொரு குச்சியாகப் பூசுவேன். அளவும் சரியாக இருக்கும்.

மேனேஜர் ஒருநாள் வாசலில் நின்று, "என்னம்மா, இன்னைக்கு ஷூட்டிங்கா?" என்று கேட்டார்.

"நடிப்புக்கா சம்பளம் தாரீக? பண்டலுக்குத்தான சார். அத எண்ணிக்கிடுங்க" என்றேன்.

எண்ணிப் பார்த்தார். அதன்பிறகு கேட்கவில்லை.

மாரிச்செல்வி வாய்

நான் வேலையை விடுவதற்கு முந்தின வருஷம் இது நடந்தது. மாரிச்செல்வி எங்கள் ஊர்ப் பிள்ளை. பண்டல் செக்‌ஷனில் எனக்குப் பக்கத்தில் உட்காருவாள். ஏற்கெனவே ரெண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்து, வடையைத் தின்றுவிட்டு, நிறம் கம்மி என்று சொல்லிப் போயிருந்தார்கள். மூன்றாவதாக வரப்போகிறவன் லோடு வேன் ஓட்டுகிறவன். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அவனைப் பார்த்திருக்கிறாள். அவளுக்குப் பிடித்துவிட்டது. அவனை வளர்த்தது அவன் அத்தை. அந்தம்மா தலையாட்டினால்தான் கல்யாணம். கறாரான பொம்பளை என்று ஊருக்கே தெரியும்.

"ஆச்சி, இந்த இடம் தட்டிப்போச்சுன்னா நான் இனிமே யார் முன்னாலயும் வந்து நிக்க மாட்டேன். என்னைய அழகாக்கி விடுங்க" என்றாள். அவர்கள் வருகிற அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்கு டப்பாவோடு வருவதாகச் சொல்லியிருந்தேன்.

அன்று மத்தியானம் அவள் அம்மா அவளுக்குப் போன் பண்ணினாள். நல்ல நேரம் சாயங்காலம் இல்லையாம், மூணு மணிக்கே வந்துவிடுவார்களாம். அந்த நேரம் நான் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிற இடத்தில் நின்றேன். என் டப்பாவோ வீட்டில். மாரிச்செல்வி பயந்துபோய் என்ன செய்தாள் தெரியுமா? ரோஸ் பண்டல் பேப்பரைக் கிழித்து, தண்ணீரில் நனைத்து, உதட்டில் தேய்த்துவிட்டாள். கன்னத்திலும் கொஞ்சம்.

நான் திரும்பி வந்து பார்த்தபோது மூக்குக்குக் கீழேயிருந்து தாடைவரை ரோஸ். சோப்பு போட்டுக் கழுவியிருக்கிறாள், போகவில்லை. யாரோ சொன்னார்கள் என்று தேங்காய் எண்ணெய் தேய்த்திருக்கிறாள், அது சாயத்தை ஊர்வலமாகக் கூட்டிப்போய்விட்டது.

மேனேஜரிடம் லீவு கேட்கப் போனோம். அவர் அவள் முகத்தைப் பார்த்து, "ஆபீஸ்ல வெத்தல போடக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்குல்லா?" என்றார்.

"வெத்தல இல்ல சார், நம்ம பேப்பருதான்" என்றேன்.

"பேப்பரத் திங்கவும் கூடாது. போங்க, போயிட்டு நாளைக்கு வாங்க."

மினி பஸ் பிடித்து ஊருக்குப் போனோம். என் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் வீட்டில் உட்கார்ந்தேன். கோல்டு கிரீம் வைத்துத் துடைத்தேன். கன்னம் தெளிந்தது, வாய் தெளியவில்லை. மேலே பவுண்டேஷன் வைத்தேன். அவள் "ஆச்சி" என்று வாய் திறந்ததும் கோடையில் பிளந்த கரிசல் மாதிரி அது வெடித்துவிட்டது. கடைசியில் உதட்டுக்கு வெளியே இருந்ததை மட்டும் மறைத்து, உதட்டுக்கு அழுத்தமாக மெரூன் பூசினேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "எக்கா, பொண்ணு பாக்க வாரவிய முன்னால இப்படியா கொண்டு நிறுத்துறது? இவ ஒருத்தி மட்டும் சாயம் பூசிக்கிட்டு நின்னா என்ன நினைப்பாவ?"

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. "அப்ப இவ ஒருத்தி மட்டும் நிக்க வேண்டாம். நீயும் வா" என்றேன்.

"எனக்கா? ஊரு சிரிக்குமே."

"சிரிக்கட்டும். ஏட்டி, மூஞ்சியக் காட்டு."

அம்மாவுக்குப் பூசினேன். காப்பி போட வந்த சித்திக்குப் பூசினேன். பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரி தப்பித்து ஓடப் பார்த்தாள், பிடித்து அவளுக்கும் பூசினேன். எனக்கும் பூசிக்கொண்டேன். அஞ்சு வாயும் மெரூன். ஆளுக்கொரு குச்சி, அதில் மாற்றமில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பாயில் உட்கார்ந்த அத்தை ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். பார்வை என் வாயில் வந்து நின்றது.

"உங்க ஊர்ல பொம்பளைக எல்லாரும் இப்படித்தானோ?"

"நல்ல காரியம்னா பூசுவோம். எங்க வழக்கம்" என்றேன். கூசாமல்தான் சொன்னேன்.

"அப்படி ஒரு வழக்கத்த நான் கேள்விப்பட்டதே இல்லையே. இந்தா இருக்கு எங்க ஊரு, அஞ்சு மைலு."

மாரிச்செல்வியின் அம்மா சேலைத் தலைப்பால் வாயைத் துடைக்கப் போனாள். அப்போது மாரிச்செல்வி நிமிர்ந்தாள்.

"வழக்கம்லாம் ஒண்ணும் இல்லைங்க. நீங்க சீக்கிரம் வாரீகன்னு சொன்னதும் பதறிப்போயி பண்டல் பேப்பர நனைச்சு வாயில தேய்ச்சிட்டேன். போக மாட்டேங்குது. நான் ஒருத்தியா நிக்கக் கூடாதுன்னு இவிய எல்லாரும் பூசிக்கிட்டாவ. எனக்கு உங்க வீட்டுக்கு வரணும்னு ஆசை. பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிருங்க. வடையத் தின்னுட்டுச் சொல்லாதீங்க."

அவள் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். வடைத் தட்டு பக்கம் போன மாப்பிள்ளையின் கை அப்படியே நின்றது.

அத்தை கேட்டாள், "என்ன பேப்பரு? ரோஸா, நீலமா?"

"ரோஸ்."

"பொழச்ச போ. நான் நீலத்த எடுத்துக் கண்ணு மேல தேய்ச்சேன்."

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தம்மாவும் கொமரியில் தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் போட்டவளாம். சினிமாவில் பார்த்துவிட்டுக் கண்ணிமைக்கு நீலப் பேப்பர் தேய்த்திருக்கிறாள். அப்போது அவளுக்குக் கல்யாணமாகி மூன்றாம் மாதம். "நாலு நாளுக்குப் போகல. எங்க மாமியா இவியளப் பிடிச்சு, 'ஏல, பொண்டாட்டிய இப்படியா அடிப்ப?'ன்னு நாலு சாத்து சாத்திட்டா" என்று பக்கத்தில் இருந்த புருஷனைக் காட்டினாள்.

அந்த மனுஷன் மெதுவாகச் சொன்னார், "நான் தொடக்கூட இல்ல. இன்னைக்கு வரைக்கும் எங்க ஊருல யாரும் நம்பல."

முதலில் சித்திதான் சிரித்தாள். பிறகு வீடே சிரித்தது. மாப்பிள்ளை மாரிச்செல்வியைப் பார்த்து, "வடை திங்கலாமா?" என்று கேட்டான். அவள் தலையை ஆட்டினாள். தின்றான்.

பூ வைத்து உறுதி பண்ணிவிட்டுத்தான் கிளம்பினார்கள். வேனில் ஏறப்போன அத்தை திரும்பி வந்து என் பக்கத்தில் குனிந்தாள். "எனக்கும் ஒரு குச்சி எடு தாயி" என்றாள். அவள் நிறத்துக்குச் செங்கல்தான் பொருந்தும். அதைத்தான் பூசிவிட்டேன். புருஷன்காரர் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். நாலு சாத்து வாங்கியவர், வாயைத் திறப்பாரா?

இதில் நான் கற்றுக்கொண்டது என்னவென்றால், பண்டல் பேப்பர் உதட்டுக்கு ஆகாது. சாயத்துக்குத் தேங்காய் எண்ணெய் வைத்தால் பரவும். மறைக்க முடியாத ஒன்று முகத்தில் இருந்தால் நாலு பேர் சேர்ந்து பூசிக்கொண்டு நிற்கலாம், பாதிப் பயம் போகும். மீதிப் பயம் வாயைத் திறந்து சொன்னால்தான் போகும். அதை எனக்குக் காட்டியது என் டப்பா இல்லை, மாரிச்செல்வி.

ஏட்டி பேத்தி, போதும். நான் சொல்லச் சொல்ல நீ போன்ல தட்டுனத முதல்ல இருந்து வாசி. அந்தம்மா நீலப் பேப்பர் கதை சொன்ன இடத்துல நீ சிரிச்சு உருண்டுக்கிட்டுக் கிடந்த, அங்கன கொஞ்சத்த விட்டிருப்ப. மெதுவா வாசி. விட்டிருந்தா திரும்பச் சொல்லுதேன்.