சவுக்குத் தோப்பு ஏறாத கார்டு

என் முதலாளியின் மச்சானுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றித் தெரியாதது எதுவுமில்லை என்று முதலாளி நம்பினார். மச்சான் என்றால் அவர் மனைவியின் தம்பி. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம், மச்சான் வேலைக்குப் போகாமல் வீட்டில் கேம் ஆடினார், மீதி நேரத்தில் கேம் ஆடுவதைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்தார் என்பதுதான்.

நான் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வந்து, அங்கே பஸ் மாறித் திருவிடந்தைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஈசிஆர் ரோட்டின் மேல் ஒரு மாடியில் அலுவலகம். செய்யூர் பக்கம் வாங்கிப் போட்டிருந்த நிலத்தில் வில்லா கட்டி விற்பதாகத் திட்டம். ஒரு செங்கல்கூட வைக்காத வீட்டைக் குடியிருப்பதற்குத் தயாராக நிற்பது போல வீடியோவில் செய்து காட்டுவது என் வேலை. பொய்தான், ஆனால் நான் அதை ஒழுங்காகச் செய்தேன். அந்த ஒழுங்கில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

கம்ப்யூட்டரில் படத்தை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு செத்துப்போனது. எனக்கு வேண்டியது போன தலைமுறைக் கார்டு ஒன்று. பழைய மாடல், ஆனால் பன்னிரண்டு ஜிபி மெமரி. மச்சான் தன்னிடம் இருந்த புது மாடலை அலுவலகத்தின் தலையில் கட்டப் பார்த்தார். அதில் மெமரி எட்டு ஜிபிதான்.

"ரெண்டையும் போட்டுப் பாத்துடலாம். எது ஜெயிக்குதோ அது" என்றார் முதலாளி, சேவல் சண்டைக்கு நாள் குறிப்பது போல.

செங்கல்பட்டில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் என் தோழியிடம் அந்தப் பழைய மாடல் இருந்தது. ஒரு நாள் இரவல் வாங்கி, துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். மச்சான் தன் கார்டை அதன் சொந்த அட்டைப்பெட்டியில், ஒட்டிய பிளாஸ்டிக் கூடப் பிரிக்காமல் கொண்டுவந்தார். அதைக் கையில் ஏந்தி, மாப்பிள்ளையின் தகுதிகளை அடுக்குவது போல ஆரம்பித்தார்.

"கிளாக் ஸ்பீடு இன்னா தெரியுமா மாமா? அந்தப் பழசவிட எவ்ளோ ஜாஸ்தி! கரண்டு கம்மியா இழுக்கும். லைட்டு வேற எரியும்."

"மெமரி எவ்வளவு?" என்று கேட்டேன். "பஸ் அகலம் எவ்வளவு?"

"இன்னா சிஸ்டர், பஸ்ஸு லாரின்னுகினு" என்று சிரித்தார். முதலாளியும் சிரித்தார். கார்டுக்குள் ஒரே நேரத்தில் எவ்வளவு தகவல் போய்வர முடியும் என்பதற்கான அளவு அது, இவருடையதில் குறைவு என்று நான் விளக்கவில்லை. யாருக்கு விளக்குவது?

முதலில் மச்சான் கார்டு. ஒரு வில்லாவின் கூடம் மட்டும் கொடுத்தேன், சோபா, திரைச்சீலை, ஒரு சரவிளக்கு. மளமளவென்று முடித்துவிட்டது. அடுத்து மெஷினை அணைத்து, திருகாணியைக் கழற்றி, தோழியின் கார்டை மாட்டினேன். அதே கூடத்துக்கு அது கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு நேரம் எடுத்தது. மச்சான் கைபேசியில் நேரம் பார்த்து உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அவர் சொன்னதில் ஒரு விஷயம் உண்மையாக இருக்கிறதே என்பதுதான் தாங்கவில்லை.

பிறகு முழு மனையையும் எடுத்தேன். எல்லா வில்லாவும், பின்னால் சவுக்குத் தோப்பும். செய்யூருக்கு நேரில் போய்ப் பார்த்து, ஊசி ஊசியான அந்த இலைகளை ஒன்றுகூட விடாமல் நான் செய்த தோப்பு. தோழியின் கார்டு முக்கி முனகி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைத் தின்றுவிட்டு, முடித்துக் கொடுத்தது. மறுபடி மச்சான் கார்டை மாட்டினேன். கொஞ்ச நேரம் போனது. மெமரி போதவில்லை என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். மறுபடி ஓட்டினேன். மறுபடி அதே வரி.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் முகத்தில் இருந்த சந்தோஷம் நல்ல சந்தோஷமில்லை.

மச்சான் அசரவில்லை. "தோப்பு இன்னாத்துக்கு சிஸ்டர்? வூடு வாங்க வர்றவன் மரத்தயா எண்ணிகினு இருப்பான்?"

முதலாளி ஒரு நிமிடம் யோசித்தார். "மரத்த எட்த்துடும்மா. இல்லன்னா வூட்டாண்ட எனக்கு ஒரே பேஜாரு."

ஒரு நாள் முழுக்க நடந்த பரீட்சையின் தீர்ப்பு அது. தோற்ற கார்டு ஜெயித்தது. தோற்றதற்கான காரணத்தை மனையிலிருந்தே வெட்டிவிடச் சொன்னார்கள். நான் தோப்பை எடுத்துவிட்டு, மரத்தின் படத்தை அட்டையில் வெட்டி நிறுத்தியது போலத் தட்டையாகச் சில மரங்களை வைத்தேன். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அடுத்த வாரம் புகைப்படம் எடுக்க மனைக்கு அனுப்பினார்கள். அங்கே தோப்பே இல்லை. முதலாளியே ஆள் விட்டு அறுத்து லாரியில் ஏற்றி ஒரு மாதமாகிறது என்று காவலாளி சொன்னார். வெட்டுப்பட்ட அடிக்கட்டைகள் வரிசையாக நின்றன. ஒரு மாதமாக முதலாளிக்கு அது தெரியும். இல்லாத மரத்தின் இலைக்காக நான் ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டதை எதிரில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறார்.

வீடியோவை முதலில் பார்க்க வந்தவர்கள் மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒருவரும் அவர் மனைவியும். மச்சான் பக்கத்தில் நின்று, "இது எல்லாம் நம்ம கார்டுல பண்ணது" என்று அவர்களுக்குச் சொன்னார். அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். முடிந்ததும் அந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க தண்ணி எப்டிங்க? உப்பா, நல்ல தண்ணியா?"

முதலாளி மச்சானைப் பார்த்தார். மச்சான் என்னைப் பார்த்தார். இரண்டு முறை அந்த மண்ணில் நின்றவள் நான். ஒரு வாய் குடித்துப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை. "விசாரிச்சு சொல்றோம்மா" என்றார் முதலாளி. அவர்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள், திரும்ப வரவில்லை.

அவர்கள் படியிறங்கிய உடனே முதலாளி என் மேஜைக்கு வந்தார். "தண்ணி தண்ணின்னு கேக்கறாங்க பாரு. நடுவுல ஒரு நீச்சல் குளம் போட்டுடும்மா."

போட்டேன். நீலத் தண்ணீர், அதில் வானம், வில்லாக்களின் நிழல். மச்சான் கார்டு அதை மூச்சுவிடாமல் முடித்தது. அந்த வீடியோவைப் பார்த்து நான்கு குடும்பங்கள் பதிவு செய்தன. நான் இன்னும் எட்டு மாதம் அங்கேதான் வேலை பார்த்தேன்.