மகளின் ஊர்க் காற்று

என் மகள் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். வேலைக்குச் சைக்கிளில்தான் போவாள். வழியில் நீளமான ஒரு பாலம். போன வருடம் அந்தப் பாலத்தில் காற்று அவளைச் சைக்கிளோடு தள்ளி விழுத்திவிட்டது. முழங்கையில் போட்ட தையலைப் படத்தில் கண்ட நாளிலிருந்து அந்த ஊர்க் காற்றோடு எனக்குப் பகை. அவளிடமே கேட்டு, அங்கே அன்றைக்கு எவ்வளவு காற்று எழும்பும் என்று, மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்ற கணக்கில், என் போனில் வரும்படி செய்துகொண்டேன். முதற் பக்கத்தில் அவளுடைய ஊர். விரலால் தள்ளினால் அடுத்ததில் எங்கள் மட்டக்களப்பு. விடிந்ததும் சாமி கும்பிடுவதற்கு முன்னாலேயே இரண்டையும் பார்த்துவிடுவேன்.

என் கணவர் வாவியில் வலை போடுகிறவர். குருக்கள்மடத்தில் எங்கள் வளவு முடிகிற இடத்திலேயே அவருடைய தோணி கட்டிக் கிடக்கும்.

“காத்தைப் பாக்க வானத்தைப் பாக்க வேணும். நீ என்னகா குனிஞ்சு குனிஞ்சு பாக்கிறாய்?” என்று நக்கலடிப்பார். ஆனால் போன் சொன்னது இரண்டு மூன்று தரம் சரிவந்தபின் அவரும் மெல்லக் கேட்கத் தொடங்கினார். அவர் கேட்பது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேணும்?

கச்சான் காலம் அது. மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்று விடியற்காலையில் இருக்கிற இடம் தெரியாது. வெயில் ஏற ஏற வாவியைக் கிளப்பிவிடும். இரண்டு நாளாக எங்கள் பக்கத்தில் ஒருவரும் தோணி இறக்கவில்லை. அக்கரையில், பழுகாமப் பக்கம் அவர் போட்ட வலை எடுக்காமல் கிடந்தது. மூன்றாம் நாள் விடிய முற்றத்தில் நின்று மேற்கே பார்த்தார்.

“இண்டைக்கும் எழும்பும் போலதான் கிடக்கு. நான் போகல்ல,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “எதுக்கும் உன்ட போன் என்ன சொல்லுது?” என்று கேட்டார்.

நான் அடுப்படியில் நின்றேன். கண்ணாடி போடாமலே போனை எடுத்துப் பார்த்தேன்; பெரிதாக இருந்த இலக்கம் மட்டும் தெரிந்தது.

“எட்டுத்தானாம். இலையும் அசையாது. போய் வலையை எடுத்திட்டு வாங்க.”

அவர் போனார்.

பத்து மணியிருக்கும், வாழையிலை கிழியத் தொடங்கியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்தேன். மேலே மகளின் ஊர்ப் பெயர் இருந்தது. காலையில் நான் பக்கத்தைத் தள்ளவேயில்லை. இப்போது தள்ளினேன். நாற்பத்திரண்டு. கரைக்கு ஓடினேன், வாவி முழுக்க வெள்ளை வெள்ளையாக அலை. தோணியைக் காணவில்லை. அவரை மறுநாள்தான் கொண்டுவந்தார்கள்.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். “இவ்வளவு காலம் வாவியில கிடந்த மனிசனுக்குக் கச்சானைக் கணிக்கத் தெரியாமப் போயிட்டே.” கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் சரியாகத்தான் கணித்தார். அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். ஆனால் வாயைத் திறந்தால், எந்த ஊர்க் காற்றை வாசித்தேன் என்பதும் வெளியே வந்துவிடும். தன்னுடைய ஊர்க் காற்றுத்தான் அது என்று தெரிந்தபின், அந்தப் பாலத்தில் மகள் எப்படிச் சைக்கிள் ஓட்டுவாள்? லீவு கிடைக்காமல், தகப்பனின் முகத்தைப் போனில் பார்த்து அழுத பிள்ளை.

முப்பத்தோராம் நாள், வீடு நிறையச் சனம் இருந்தபோது அவள் அழைத்தாள். அழுதுகொண்டே, “அப்பாக்குத் தெரியாத காத்தா அம்மா? ஏன் இப்பிடி முட்டாள்தனமாப் போனவர்?” என்றாள்.

அந்தச் சொல்லை என்னால் பொறுக்க முடியவில்லை. இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

“அப்பா பிழை விடல்ல. காத்து எழும்பும், போகல்ல எண்டுதான் சொன்னவர். நான்தான் போனைப் பிழையாப் பாத்து, போகச் சொன்னன்.”

எந்த ஊர்க் காற்று என்பதை மட்டும் சொல்லவில்லை.

இருந்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். போனில் அவள் கத்தினாள்.

“ஒரு நம்பரைப் பாத்துச் சொல்லத் தெரியாதா உங்களுக்கு?”

“ஓம் மகள், எனக்குத் தெரியல்ல,” என்றேன்.