பாத பூஜையில் தெரிந்த கால்

போன மாதம் திருக்கடையூரில் ஒரு பீமரத சாந்தி. எழுபது வயது நிறைந்தவர் என் மனைவியின் அண்ணன் கலியபெருமாள். நாகூருக்கு மேற்கே, கடைமடையில் ஆறு ஏக்கர் நெல் விவசாயம். எனக்கு மச்சான். எனக்கு ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது என்றாலும் அவருக்கு நான் இன்னும் 'மாப்ள'தான்.

மாலை மாற்றுவதற்கு முன்பே மண்டபத்தில் பேச்சு களைகட்டிவிட்டது. எதைப் பற்றி? ஆயுள் நீள ஹோமம் நடக்கிற இடத்தில் வேறு எதைப் பற்றிப் பேசுவார்கள்? வைட்டமின்! "உங்களுக்கு டி எவ்வளவு? எனக்குப் பன்னெண்டுதான்..." என்று ஒருவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பரீட்சையில் இந்த மார்க் வாங்கியிருந்தால் வெளியே சொல்லியிருப்பாரா?

மச்சானும் இந்தக் கோஷ்டிதான். ஒரு வருடமாக அவருக்கு இடது கெண்டைக்காலில் வலி. நடந்தால் வரும், நின்றால் போய்விடும். மருத்துவக் கல்லூரியின் வாசலைக்கூட மிதிக்காத எங்கள் குடும்ப மருத்துவக் குழு உடனே கூடித் தீர்ப்பு எழுதியது — சத்துக் குறைவு!

சிங்கப்பூரில் இருக்கும் அவர் தம்பி மகன் மீன் எண்ணெய் மாத்திரை அனுப்பினான். எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் பி-டுவெல்வ் சிபாரிசு செய்தார். இன்னொரு அறிவாளி, 'ரத்த ஓட்டத்துக்கு உகந்தது' என்று டப்பாவில் போட்டிருந்ததை நம்பி, வைட்டமின் ஈ வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். யார் அந்த அறிவாளி என்று கேட்கிறீர்களா? வேறு யார்... நான்தான்.

மச்சானிடம் சொந்த விஞ்ஞானமும் இருந்தது. "பயிரு வெளுத்தா ஜிங்க் சல்பேட் போடுறோமில்ல மாப்ள? ஒடம்பும் அப்படித்தான். போட்டா ஏறிக்கும்." சொல்லிவிட்டு மூன்று மாத்திரைகளையும் டீயோடு விழுங்குவார். கையோடு ஒரு சிகரெட் பற்றவைப்பார். அது எந்த வைட்டமினோ!

வீட்டிலிருந்து பால் சொசைட்டி அரை கிலோமீட்டர். முன்பெல்லாம் யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் ஒரே நடையாகப் போகிறவர், இப்போது மதகில் நின்றார், டீக்கடையில் நின்றார், ரேஷன் கடையில் நின்றார். நின்று எல்லோரிடமும் குசலம் விசாரித்தார். ஊரே மெச்சியது. "வயசாக வயசாக அண்ணனுக்கு என்னா ஒரு பக்குவம் பாருங்க!" பக்குவமாவது ஒன்றாவது... மனிதருக்கு அதற்கு மேல் கால் எடுத்துவைக்க முடியவில்லை.

இந்தப் பக்குவத்தோடுதான் அன்று மணையில் உட்கார்ந்திருந்தார். பாத பூஜை ஆரம்பித்தது. மகனும் மருமகளும் அப்பா அம்மாவின் கால்களைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவ வேண்டும். மருமகள் சுகன்யா அரசாங்கக் கால்நடை மருத்துவர். அதாவது, எங்கள் உறவினர்கள் பாஷையில் 'மாட்டு டாக்டர்'.

அந்தப் பெண் மாமனாரின் இரண்டு பாதங்களிலும் தண்ணீர் ஊற்றித் துடைத்தாள். மஞ்சள் தடவப் போனவள் நிறுத்திவிட்டு, இரண்டு பாதங்களையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள்.

"மாமா, இந்தக் கால் ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

"இப்பதானேம்மா தண்ணி ஊத்துன? பின்ன கொதிக்குமா?"

"ரெண்டு கால்லயும்தானே மாமா ஊத்துனேன்?"

அவள் இடது கால் சுண்டுவிரலைத் திருப்பினாள். ஓரத்தில் மிளகு அளவுக்கு ஒரு கறுத்த புண். செருப்புக் கடியாம். மூன்று வாரமாக ஆறவில்லையாம். "மூணு வாரமாவா?" என்று பக்கத்து மணையிலிருந்த மச்சானின் மனைவி வசந்தா அக்கா அவரைப் பார்த்த பார்வையில் ஹோமத் தீயே கொஞ்சம் அடங்கியது.

"ஏம்மா, மாட்டுக் கால்ல வருமே, அந்தக் கோமாரியா மாமாவுக்கு?" என்று ஒரு நகைச்சுவை மன்னர் குரல் கொடுக்க, மண்டபமே சிரித்தது. "நாழியாறதும்மா" என்றார் சாஸ்திரிகள். சுகன்யா சிரிக்கவில்லை. கணவனிடம் சொன்னாள்: "தாலி கட்டுனதும் கார எடுங்க. சாப்பாட்டுக்குக்கூட நிக்க வேணாம். புண்ணு கறுத்திருக்கு. கால் போயிடும்."

நல்ல நாளும் அதுவுமாக ஆஸ்பத்திரியா! இலை போட்டாகிவிட்டதே! 'நாளைக்குப் பாத்துக்கலாமேம்மா' என்று சொன்ன பெரிய மனிதர்களில் அடியேனும் ஒருவன். அவள் யார் பேச்சையும் காதில் வாங்கவில்லை. மாப்பிள்ளைக் கோலத்திலேயே மச்சானை மயிலாடுதுறைக்கு அழைத்துப் போனோம்.

அங்கே டாக்டர் கையில் பிரஷர் பார்த்தார். பிறகு கணுக்காலில் பார்த்தார். கையில் இருந்ததில் பாதிகூட இடது காலில் இல்லை. ஸ்கேனில் தொடை ரத்தக்குழாயில் அடைப்பு. காரணம்? நாற்பது வருடச் சிகரெட், போதாக்குறைக்கு இதுவரை டெஸ்ட்டே செய்து பார்க்காத சர்க்கரை. மச்சான் விடவில்லை. பையைத் திறந்து மூன்று டப்பாக்களையும் மேஜையில் அடுக்கினார்.

டாக்டரும் டெல்டாக்காரர்தான் போலிருக்கிறது. "வாய்க்கா தூந்துபோயி தண்ணியே வரலன்னா, வயல்ல உரத்தக் கொட்டுவீங்களாய்யா?" என்றார்.

தூர் வாரச் சொல்லி ஒவ்வொரு குறைதீர் கூட்டத்திலும் மைக்கைப் பிடுங்கிப் பேசுகிற மனிதர், மேஜையிலிருந்த டப்பாக்களைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். நான் வாங்கிக் கொடுத்த டப்பாவைக் காட்டி, "இது கெடுதலா டாக்டர்?" என்றேன். "அடைப்ப இது தொறக்காது சார். ஆனா இத நம்பி ஒரு வருஷம் போச்சு பாருங்க... அதுதான் கெடுதல். இன்னும் பத்து நாள் விட்டிருந்தா, முழங்காலுக்குக் கீழ எடுக்குறதப் பத்திப் பேசிக்கிட்டிருப்போம்."

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. சேற்றில் இறங்கி நடவு பார்க்கிறவருக்குக் கால் இல்லையென்றால் என்ன மிச்சம்?

தஞ்சாவூரில் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். கால் பிழைத்தது. சுண்டுவிரல் போய்விட்டது. சிகரெட்டும் போய்விட்டது — அதற்கு வசந்தா அக்கா காவல். வலிக்கும் வரை நட, நின்று ஓய்வெடு, மறுபடி நட என்பது டாக்டர் உத்தரவு. வைட்டமினே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ரத்தத்தில் குறைவு என்று தெரிந்தால், டாக்டர் சொன்னால், தாராளமாகச் சாப்பிடுங்கள். என்னைப் போன்ற மாப்பிள்ளைகள் சொன்னால் வேண்டாம். மச்சானைப் பார்க்க வந்த சொந்தங்கள் என்ன கொண்டுவந்தார்கள் தெரியுமா? புதிதாக நான்கு டப்பா... திருந்துகிற ஜென்மங்களா நாங்கள்!

காலில் விழுவதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. கல்யாணம், பொங்கல், புதுப் பைக் — எதற்கும் பெரியவர்கள் காலில் தடாலென்று விழுந்துவிடுவோம். அந்த மூன்று வாரத்தில் மச்சான் காலில் எத்தனை பேர் விழுந்து எழுந்திருப்பார்கள்! எல்லோருடைய நெற்றிக்கும் நேராகத்தான் இருந்திருக்கிறது அந்தப் புண்.

திருக்கடையூரில் அன்று விடிந்ததும் முதலில் விழுந்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டு.