தங்கம்மாவின் வாயைக் கட்டிய பானை

எஹலியகொடைக்கு மேலேயுள்ள அந்த ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் வீட்டு வரிசையான கடைசி லயத்துக்கு ரேடியோவே தேவைப்பட்டதில்லை. தங்கம்மா இருந்தார். விடிந்ததும் அவர் புருஷன் மூக்கையாவைத் திட்ட ஆரம்பித்தால், பக்கத்து வீட்டு விஜயகலா அடுப்பில் ரொட்டியைக் கருகவிட்டுக் காது கொடுப்பாள். மூக்கையாவும் குறை வைத்ததில்லை. முயல் வளர்த்தார், அவை கங்காணி வீட்டுக் கீரைப் பாத்தியில் குடியேறின. காளான் போட்டார், அது படுக்கைப் பாயில்தான் முளைத்தது.

நாட்டுக்குக் கிரிக்கெட் உலகக் கிண்ணம் வந்த வருஷத்துக்கு முந்தின மழையில், பக்கத்துச் சிங்களக் கிராமத்துக் குணபாலவிடமிருந்து ஒரு மண்பானை நிறையத் தேனீ கொண்டுவந்து வாசல் கூரையில் தொங்கவிட்டார். கூடவே ஒரு சட்டமும் வந்தது.

"வீட்டுல சண்ட போட்டா பூச்சி கெளம்பிருமாம். குணபால அய்யே அவரு பாஷையில சொன்னாரு, 'ரண்டு எப்பா'ன்னு, சண்ட வேணாம்னு. இனி நீ வாயத் தொறக்கக் கூடாது, ஆமா."

குணபால சொன்னாரோ, மூக்கையா வரும் வழியில் சேர்த்துக்கொண்டாரோ, தேனீக்களுக்குத்தான் வெளிச்சம். தங்கம்மா நம்பினார். சாயங்காலம் பானைக்குக் கீழே உட்கார்ந்து அரிசி புடைத்தால் மேலே ஒரு முனகல் கேட்கும். அது அவருக்குப் பிடித்துப் போயிருந்தது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மூக்கையாவுக்கு ராஜ வாழ்க்கை. முட்டையிடும் கோழியைக் கூட்டாளிகளோடு கறிவைத்துத் தின்றுவிட்டு வந்து, விரலை மேலே காட்டி, "பூச்சி கேக்குது" என்பார். தங்கம்மா பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போவார். நஷ்டம் விஜயகலாவுக்குத்தான். "என்னக்கா, ஒடம்புக்கு முடியலையா?" என்று ஏங்கிப்போய்க் கேட்டாள்.

மாசியில் ரப்பர் மரங்கள் துளிர்த்தன. தேன் சேருவது அப்போதுதான். துளிரில் பூஞ்சை பிடிக்காமலிருக்கத் தோட்டத்தில் கந்தகத் தூள் ஊதுவதும் அப்போதுதான். வருஷா வருஷம் அதைப் பார்த்தே வளர்ந்த மூக்கையா, வராத தேனுக்குக் கண்ணாடிப் போத்தல் வாங்க முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போய்விட்டார்.

தூள் ஊதும் மெசின் சத்தம் கேட்டுத் தங்கம்மா வாசலுக்கு வந்தார். நாலு பேர் தோளில் அது உறுமிக்கொண்டு வர, மஞ்சள் புகை லயத்தை நோக்கி இறங்கியது. சும்மா நின்றால் போதும். பூச்சி போகும், சட்டமும் போகும். கோழி முதற்கொண்டு தொண்டையில் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டலாம்.

கொஞ்ச நேரம் சும்மாதான் நின்றார். பிறகு கொடியில் கிடந்த தீபாவளிச் சேலையை இழுத்துத் தண்ணீரில் முக்கி, பானையைச் சுற்றி, கயிற்றிலிருந்து கழற்றி உள்ளே ஓடிக் கதவைச் சாத்தினார். கையில் நல்ல கொட்டு. சத்தம் போடாமல் வாங்கிக்கொண்டார்.

புகை அடங்கியபின் மூக்கையா வந்தார். கயிறு மட்டும் தொங்கியது.

"அடியேய்! எங்கடி பானை? வாய அடக்க முடியாம தூக்கி வீசிட்டியா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

லயமே வெளியே வந்தது. ஆள் மாறிக் கத்துவதை நம்பமுடியாமல் பார்த்தது.

தங்கம்மா பானையைத் தூக்கிவந்து பழைய இடத்தில் மாட்டி, சேலையை அவிழ்த்தார். மூக்கையா இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தார். தேனீக்கள் அவரைச் சட்டை செய்யாமல் வேலைக்குப் பறந்தன. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பியும் வந்தன.

"இம்புட்டுச் சத்தத்துக்கும் பூச்சி போகலயே?" தங்கம்மா வீங்கிய கையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

மூக்கையா போத்தல்களைக் கீழே வைத்துவிட்டு வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒக்காருங்க. கோழியில இருந்து ஆரம்பிப்போம்."

விஜயகலா ரொட்டியைக் கருகவிட்டு இன்னும் கிட்டத்தில் வந்து நின்றாள்.